மூடிய கதவும் ஓயாத ஆறும்
கெனத் கிரகாமின் வாழ்க்கை வரலாறு

இங்கிலாந்திலே, ஒக்ஸ்போட் நகரின் ஹோலிவெல் என்னும் பழைய இடுகாட்டில், ஒரு தந்தையும் அவருடைய ஒரே மகனும் அடக்கமாகி உள்ளனர். முதலில் மறைந்தவன் மகன். இருபது வயது நிறைவதற்கு ஐந்து நாட்களே எஞ்சியிருந்த வேளையில் அவன் மாண்டான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தந்தை மாண்டார். வேறோர் ஊரில் முதலில் அடக்கஞ் செய்யப்பெற்ற அவருடைய உடல், பின்னர் மகன் துயிலும் இடத்துக்கே கொண்டுவரப்பட்டது.

அத்தந்தையின் பெயர் கெனத் கிரகாம். 'வில்லோ மரங்களிடையே வீசும் காற்று' என்னும் கதைநூலை உலகச் சிறுவர்க்கு அளித்தவர் அவரே. அகழெலியும் நீரெலியும் வளைக்கரடியும் தேரையும் மனிதரைப் போல உடுத்தி, உண்டு, உறவாடி, ஆற்றங்கரையிலே வாழும் அந்த நூலை ஆங்கிலம் பயின்றோர் பலர் இளமையிற் படித்திருப்பர். அந்தக் கதை தோன்றியது அச்சகத்துக்காக அன்று. படுக்கையில் உறங்க மறுத்த ஒரு சிறுவனுக்காகவே அது சொல்லப்பட்டது. அச்சிறுவனே ஹோலிவெல் இடுகாட்டில் உறங்குபவன்.

குழந்தை உள்ளத்தைத் தம் காலத்து எழுத்தாளருள் மிக நுட்பமாக அறிந்திருந்தவர் எனப் போற்றப்பட்ட ஒருவர், தமக்கு வாய்த்த ஒரே குழந்தையின் உள்ளத்தை எவ்வளவு தூரம் அறிந்திருந்தார்? கிரகாமின் வாழ்க்கையைப் படிப்போர் இவ்வினாவை விட்டு விலகிச் செல்லுதல் இயலாது.

தாயற்ற பிள்ளை

கெனத் கிரகாம் 1859ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆந் திகதி ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், கல்வியும் குடிப்பெருமையும் உடையவர். ஆயினும் மதுவுக்கு அடிமைப்பட்டவர். நீதித்துறையிற் பதவி பெற்று, மேற்குக் கரையிலுள்ள இன்வரரி என்னும் ஊரிலே குடும்பத்துடன் வாழ்ந்துவந்தார்.

1864ஆம் ஆண்டிலே நான்காவது பிள்ளையைப் பெற்றெடுத்த தாயார், சில நாட்களுள் செங்காய்ச்சலாற் பீடிக்கப்பட்டு இறந்தார். அந்நோய் ஐந்து வயதுக் கெனத்தையும் பற்றியது. அவர் உயிர் தப்பியது பெரும்பாடு. நெஞ்சிலே ஏற்பட்ட நலிவு மட்டும் வாழ்நாள் முழுவதும் அவரைவிட்டு அகலவில்லை. மனைவியை இழந்த தந்தை, துயரத்தையும் குடியையும் தவிரப் பிறிதொன்றையும் அறியாதவரானார். நான்கு பிள்ளைகளும் இங்கிலாந்தின் தெற்கே, தேம்ஸ் ஆற்றை அடுத்த குக்கம் டீன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த தாய்வழிப் பாட்டியாரிடம் அனுப்பப்பட்டனர்.

பாட்டியார் கடமை தவறாதவர். ஆனால் கொஞ்சிக் குலாவும் இயல்பினர் அல்லர். பிள்ளைகளுக்கு உணவும் உடையும் உறையுளும் இருந்தன, மடி இருக்கவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்தவை பழைய வீடும், பரந்த தோட்டமும், சற்றுத் தொலைவில் ஓடிய ஆறுமே. ஆற்றங்கரையின் புல்லும் புதரும், வளைகளில் வாழும் சிற்றுயிர்களும் அச்சிறுவருக்கு உற்றாராயின. அந்த வீட்டில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். புயற்காற்றிற் புகைபோக்கி இடிந்து வீழ, குடும்பம் வேறிடஞ் சென்றது. ஆயினும் அந்த இரண்டு ஆண்டுகளில் விழுந்த வித்தே நாற்பது ஆண்டுகளின் பின் நூலாக முளைத்தது எனலாம்.

இடையிலே தந்தையார் பிள்ளைகளை மீண்டும் அழைத்தார். நம்பிக்கையோடு சென்ற பிள்ளைகள் ஓராண்டுக்குள் திரும்பிவந்தனர். தந்தையோ பதவியைத் துறந்து பிரான்சுக்குச் சென்றுவிட்டார். 1887ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே இறக்கும்வரை தம் மக்களுடன் வாழ அவர் திரும்பவில்லை. தந்தை உயிரோடிருக்கவும் தந்தையற்றவனாக வளர்வது எத்தகையது என்பதைக் கெனத் எட்டு வயதிலேயே உணர்ந்துகொண்டார்.

மூடிய கதவு

1868ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் நகரிலுள்ள சென்ற் எட்வேட் பாடசாலையிற் கெனத் சேர்க்கப்பட்டார். அங்கு ஏழாண்டுகள் பயின்று, பரிசுகள் பெற்று, விளையாட்டிலும் முன்னின்று, மாணவர் தலைவராகவும் உயர்ந்தார். பாடசாலை நேரம் போக எஞ்சிய வேளைகளிலே நகரத்தின் பழைய வீதிகளிலும் ஆற்றங்கரையிலும் தனியே உலாவுவார். சாம்பல் நிறக் கோபுரங்களும், கல்லூரி முற்றங்களும், படகுகள் மிதக்கும் நீர்நிலையும் அவருடைய உள்ளத்தைக் கொள்ளை கொண்டன. வீடென்று ஒன்று நிலையாக அமையாத அச்சிறுவனுக்கு அந்நகரமே வீடாயிற்று. அதன் பல்கலைக்கழகத்திற் கற்று, அங்கேயே அறிஞனாக வாழ்ந்து முதிரவேண்டும் என்பதே அவர் கண்ட ஒரே கனவு.

1874ஆம் ஆண்டின் இறுதியிலே தமையன் வில்லி நோயுற்று இறந்தான். அத்துயர் ஆறுமுன் அடுத்த அடி விழுந்தது. பிள்ளைகளின் செலவைப் பொறுப்பேற்றிருந்த தந்தைவழி உறவினர், பல்கலைக்கழகப் படிப்பு வீண் செலவு எனக் கருதினர். கெனத் எழுதுவினைஞராகத் தொழில் தேடவேண்டும் என்பது அவர்களின் முடிவு. அம்முடிவை மாற்றக்கூடிய தந்தை கடல் கடந்து எங்கோ இருந்தார். தகுதி இருந்தும், ஆவல் இருந்தும், பொருள் தருவார் இல்லாமையால் ஒக்ஸ்போட் கதவு அவருக்கு மூடப்பட்டது.

இந்த இழப்பை அவர் வாழ்நாளில் மறந்தாரல்லர். பின்னாளில் அவருக்குப் பதவி வந்தது, புகழும் வந்தது. பதினாறு வயதில் மூடப்பட்ட கதவின் ஓசை மட்டும் அவருடைய நெஞ்சில் ஓயவில்லை. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

வங்கியும் எழுதுகோலும்

சில காலம் உறவினரின் அலுவலகத்தில் வேலை பழகிய கிரகாம், 1879ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இங்கிலாந்து வங்கியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். இலண்டனின் புகையும் பேரேடுகளும் அவருக்கு உவப்பானவை அல்ல. எனினும் கடமையிற் குறைவைத்தாரில்லை. மாலை வேளைகளிலே இலக்கியக் கூட்டங்களுக்குச் சென்றார். பழைய ஆங்கில இலக்கியங்களைப் பதிப்பித்த பேரறிஞர் பேணிவாலின் நட்பு வாய்த்தது. அவர் நிறுவிய சேக்ஸ்பியர் கழகத்தின் கௌரவ செயலாளராகவும் பணியாற்றினார். வறியோர் வாழும் கிழக்கு இலண்டனிலே தொயின்பீ மண்டபத்தின் தொண்டுகளிலும் பங்குகொண்டார்.

இக்காலத்திலேயே சஞ்சிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். அவை 1893இல் 'பேகன் பேப்பர்ஸ்' என்னும் தொகுதியாயின. அடுத்து 1895இல் 'பொற்காலம்', 1898இல் 'கனவு நாட்கள்' ஆகிய இரு நூல்களும் வெளிவந்து அவருக்குப் பெரும்புகழ் ஈட்டின. பெற்றோரற்ற ஐந்து உடன்பிறப்புகள் மாமன்மார் மாமிமார் பராமரிப்பில் வளர்வதே அவற்றின் பொருள். அப்பிள்ளைகள் பெரியோரைக் கிரேக்கரின் மலைத்தெய்வங்களுக்கு ஒப்பிட்டு ஒலிம்பியர் என அழைக்கின்றனர். ஆற்றல் எல்லாம் பெற்றிருந்தும் மரமேறவோ, மண்ணில் விளையாடவோ விருப்பமற்ற, பிள்ளைகளின் துயரங்களைக் கண்ணெடுத்தும் பாராத தெய்வங்கள் அவர்கள்! கவிஞர் சுவின்பேண் 'பொற்காலம்' நூலை வியந்து பாராட்டினார். போர்செய்ய மனமின்றிக் கவிதை புனைந்து காலங்கழிக்கும் வலுசர்ப்பத்தின் கதை 'கனவு நாட்கள்' நூலில் இடம்பெற்றது. அது இன்றும் தனிநூலாகப் படிக்கப்படுகின்றது.

1898இல் கிரகாம் வங்கியின் செயலாளராக உயர்ந்தார். அப்போது வயது முப்பத்தொன்பது. அப்பதவியை அத்துணை இளமையில் அடைந்தோர் மிகச் சிலரே.

மகனுக்குச் சொன்ன கதை

1899ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கோண்வோல் கடற்கரையிலுள்ள போய் என்னும் ஊரிலே எல்ஸ்பெத் தொம்சன் என்னும் மங்கையைக் கிரகாம் மணந்தார். நாவலாசிரியர் அந்தனி ஹோப் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர். திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவரும் அவரே. அந்த இல்லறம் இனிதாக அமையவில்லை. கணவர் தனிமையை நாடுபவர். மனைவியோ அன்பின் வெளிப்பாட்டை எதிர்பார்த்து ஏங்குபவர். இருவரும் தம் அன்பு முழுவதையும் ஒரே மகனாகிய அலஸ்ரேயர் மீது சொரிந்தனர்.

1900ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி குறைமாதத்திற் பிறந்த அலஸ்ரேயருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றைக் கண்ணும் பழுதுற்றிருந்தது. பெற்றோர் இக்குறையை ஏற்க மனமொப்பாதவராய், மகனைப் பேரறிவு படைத்த பிள்ளையென்றே எண்ணியும் சொல்லியும் வந்தனர். இயலாமையை மறைத்து, இயலாதவற்றை எதிர்பார்க்கும் பேரன்பின் நிழலிலே அவன் வளர்ந்தான்.

1903ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆந் திகதி வங்கியில் எதிர்பாராத சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. ஆளுநரைக் காணவேண்டுமென வந்த ஒருவனைச் செயலாளராகிய கிரகாம் சந்தித்தார். ஒரு முனையில் வெள்ளை நாடாவும் மறுமுனையில் கறுப்பு நாடாவும் கட்டிய கடதாசிச் சுருள் ஒன்றை அவன் நீட்டினான். கிரகாம் தற்செயலாகக் கறுப்பு முனையைப் பற்றவே, அதை விதியின் ஆணையெனக் கொண்ட அவன் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். குண்டுகள் குறிதவறின. சுட்டவன் சித்தம் பிறழ்ந்தவன் எனத் தெரியவந்தது. கிரகாம் உடலிற் காயமின்றித் தப்பினார். உள்ளம் மட்டும் வங்கியைவிட்டு விலகத் தொடங்கியது.

அதன்பின் வந்த ஆண்டிலேயே, இரவுதோறும் மகனின் படுக்கையருகே அமர்ந்து விலங்குகளின் கதையைத் தொடராகச் சொல்லலானார். 1906இல் குடும்பம் குக்கம் டீனுக்கே குடிபெயர்ந்தது. தாயற்ற பிள்ளையாகத் தாம் ஓடித்திரிந்த அதே ஆற்றங்கரையில், தம் பிள்ளையின் கைப்பிடித்து நடக்கும் பேறு கிரகாமுக்குக் கிட்டியது. 1907ஆம் ஆண்டு மே மாதத்திலே பெற்றோர் கோண்வோலில் இருந்தனர். மகனோ அவர்களைப் பிரிந்து, அவனைக் கவனிக்கும் ஆசிரியையுடன் இருந்தான். அவனுடைய ஏழாவது பிறந்தநாளும் அப்பிரிவிலேயே கழிந்தது. அருகில் இல்லாத குறையை ஈடுசெய்ய, தேரையின் சாகசங்களைக் கடிதங்களாக எழுதித் தந்தையார் அனுப்பினார். இவ்வாறு மாதக்கணக்கில் வந்த கடிதங்களை அந்த ஆசிரியை வீசியெறியாது பேணிவைத்தார். அவை இல்லையேல் இந்நூல் நமக்குக் கிடைத்திருக்குமோ என்பது ஐயமே.

1908ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், உடல்நலக் குறைவைக் காரணங்காட்டிக் கிரகாம் வங்கிப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் நூல் வெளிவந்தது. அவருடைய முன்னைய நூல்களை வெளியிட்ட பதிப்பகம் இதனை ஏற்கவில்லை. இறுதியில் மெதுயென் பதிப்பகத்தார் முன்பணம் எதுவும் கொடாமல், விற்பனையில் மட்டும் பங்களிக்க இசைந்து ஏற்றனர். 'பொற்காலம்' போன்ற இன்னொரு நூலை எதிர்பார்த்த விமரிசகர்கள் ஏமாற்றமடைந்தனர். விலங்கு நூலுக்குரிய அளவுகோலால் அளந்து, இதில் உயிரியல் உண்மை இல்லையெனக் குறைகூறியோரும் உளர்! அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் முதலில் நாட்டங்கொள்ளவில்லை. தம் மனைவியும் மக்களும் விரும்பிப் படிக்கக் கேட்டபின் நூலின் அன்பராக மாறி, அந்நாட்டிலே அது வெளிவரத் துணைநின்றார். நூல் மெல்ல மெல்ல வாசகரின் உள்ளத்திலே குடிபுகுந்தது. எழுத்தாளர் மில்ன் தேரையின் கதையை நாடகமாக்கி 1929இல் அளித்தார். ஓவியர் செப்பேட் முதிய கிரகாமை நேரிற் கண்டு, ஆற்றங்கரையைப் பார்த்து வரைந்த சித்திரங்களுடன் 1931இல் புதிய பதிப்பு வந்தது.

நூலுக்குள் ஒரு தந்தை

மோட்டார் வண்டிமீது பித்துக்கொண்டு, திருடி, சிறைப்பட்டு, சலவைக்காரி வேடத்தில் தப்பியோடும் தேரையின் கூத்துகளே சிறுவரை முதலிற் கவர்வன. ஆயின், ஊன்றிப் படிப்போருக்கு நூலின் உயிர்நிலை வேறிடத்தே புலனாகும். நூல் முழுதும் வீட்டைப் பற்றியது. அகழெலி தன் பழைய வளையை மறந்து ஆற்றங்கரைக்கு வந்துவிடுகின்றது. பனிக்கால இரவொன்றில் அவ்வளையின் மணம் காற்றிலே மிதந்துவர, நடுவழியில் நின்று தேம்பி அழுகின்றது. தேரையின் மாளிகையை மரநாய்க் கூட்டம் கைப்பற்ற, நண்பர் ஒன்றுகூடிப் பொருது மீட்கின்றனர். வீட்டை இழந்தவனே வீட்டின் அருமையை இவ்வாறு எழுத வல்லவன்.

இன்னோர் அத்தியாயம் நம் கண்களை ஈரமாக்குவது. நீர்நாயின் குட்டி காணாமற் போய்விடுகின்றது. அக்குட்டி முதன்முதலாக நீந்தப் பழகிய ஆற்றுத்துறையிலே, என்றேனும் அவ்வழியே திரும்பிவரும் என்னும் நம்பிக்கையில், தந்தை நீர்நாய் இரவுதோறும் காத்துக்கிடக்கின்றது. நீரெலியும் அகழெலியும் விடியுமளவும் படகிலே தேடிச்சென்று, சிற்றுயிர்களைக் காக்கும் பான் என்னும் ஆயர் தெய்வத்தின் காலடியில் அக்குட்டி உறங்கக் காண்கின்றன. குட்டி தந்தையிடம் திரும்புகின்றது. கதையிலே அது நிகழ்ந்தது.

திரும்பாத பிள்ளை

தாம் இழந்ததையெல்லாம் தம் மகன் பெறவேண்டுமெனக் கிரகாம் விரும்பினார். தந்தைக்குரிய இந்த ஆவலிற் பிழை காண்பதற்கில்லை. பிழை, அவ்விருப்பம் மகனுக்குப் பொருந்துமா என எண்ணாமையே. பார்வை குன்றிய, தனிமையில் வளர்ந்த, உணர்ச்சி மிகுந்த அலஸ்ரேயர் 1914இல் றக்பி பாடசாலைக்கு அனுப்பப்பட்டான். சில வாரங்களே அங்கு தாக்குப்பிடித்தான். பின்னர் ஈற்றன் பாடசாலை; அங்கிருந்தும் 1916இல் விலகநேர்ந்தது. தனியாசிரியரிடம் பயின்றபின், 1918இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ற் சேர்ச் கல்லூரியில் நுழைந்தான். தந்தைக்கு மூடப்பட்ட கதவு மகனுக்குத் திறந்தது. தந்தையின் கனவு மகனின் சுமையாயிற்று. பாடங்கள் அவனுக்குக் கடினமாயின, தோழமை வாய்க்கவில்லை.

1920ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி இரவு, விருந்துமண்டபத்தில் உணவருந்திவிட்டு வெளியே சென்ற அலஸ்ரேயர் திரும்பவில்லை. ஆற்றங்கரைப் புல்வெளியை அடுத்த இருப்புப்பாதையில் அவனுடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. மரண விசாரணையிலே விபத்து எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. உடல் கிடந்த நிலையைக் கருதி, அவனே அம்முடிவைத் தேடிக்கொண்டான் எனப் பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் எழுதினர். மே 12ஆந் திகதி, அவனது இருபதாவது பிறந்தநாளன்று, ஹோலிவெல் இடுகாட்டில் அவன் அடக்கஞ் செய்யப்பட்டான்.

நூலிலே துறையிற் காத்திருந்த நீர்நாய்க்குப் பிள்ளை கிடைத்தது. அதனை எழுதியவருக்குக் கிடைக்கவில்லை.

கொடை

மகன் மறைந்தபின் கிரகாமும் மனைவியும் இத்தாலி நாட்டுக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினர். திரும்பிவந்து 1924இல், தேம்ஸ் ஆற்றையடுத்த பங்போண் என்னும் ஊரிலே குடியேறினர். சிறுவர்க்கான கவிதைத் தொகுதி ஒன்றை அவர் 1916இல் பதிப்பித்திருந்தார். ஆயினும் ஆற்றங்கரைக் கதைக்குப்பின் அதற்கு நிகரான கதைநூல் எதனையும் எழுதினாரல்லர். ஆற்றங்கரையில் நீண்ட தூரம் தனியே நடப்பதே அவருடைய முதுமைக்காலத் துணையாயிற்று. 1932ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆந் திகதி அவர் உயிர் நீத்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சிறுவர் சிறுமியர் மலர்கள் அனுப்பி அஞ்சலி செலுத்தினர்.

அவருடைய மரண சாசனத்தில் ஒரு செய்தி இருந்தது. தம் நூல்களால் வரும் ஆசிரியருரிமை வருவாயை ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூலகத்துக்கு அவர் எழுதிவைத்திருந்தார். பதினாறு வயதில் தம்மை உட்புகவிடாத கல்விக்கூடம் அது. மகனை வாழவைக்காத நகரமும் அதுவே. எனினும் அவர் சினந்தாரில்லை. மகனுக்காகப் பிறந்த நூலின் கைப்பிரதியும் பின்னர் அவருடைய மனைவியாரால் அந்நூலகத்துக்கே வழங்கப்பட்டது. மாணவனாகச் செல்ல முடியாத இடத்துக்கு அவர் கொடையாளியாகச் சென்றார்.

கிரகாமின் வாழ்க்கை ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உணர்த்துவது ஒன்றுண்டு. தம் இளமையிலே கிட்டாதவற்றைத் தேடித்தேடிப் பிள்ளைகளின் கையிலே திணிக்கின்றோம். அவர்களுக்கு வேண்டியது எது எனக் கேட்க மறந்துவிடுகின்றோம். குழந்தைகளைப் புரிந்துகொள்ளாத பெரியோரை ஒலிம்பியர் என எள்ளி நகையாடியவரே, தாமறியாமல் ஒலிம்பியருள் ஒருவரானார். இதனை அவர்மீது குற்றமாகச் சுமத்துதல் நம் நோக்கமன்று. அவரைவிட நாம் மேலானவர் எனக் கூறத் துணிவார் யார்?

ஒருகாலத்திலேனும் அவர் மகனுக்குச் சரியானதையே கொடுத்தார். இரவின் அமைதியில், விளக்கொளியில், படுக்கையின் ஓரத்தில் அமர்ந்து, அவன் கேட்ட கதையை அவன் கேட்டவாறே சொன்னார். அப்போது அங்கே ஒக்ஸ்போட் இல்லை; தேர்வு இல்லை; தந்தையும் மகனும் ஓர் ஆறுமே இருந்தனர். அந்த இரவுகளில் விளைந்ததே இன்று நாம் படிக்கும் நூல்.